வானத்துல தெரிஞ்சது என்னன்னு ராணுவம் தேடின கதை: மாண்டெல் தொடங்கி லடாக் வரைக்கும்

1948 ஜனவரி 7, மத்தியான நேரம். அமெரிக்கால கென்டக்கி மாநிலத்துல ஃபோர்ட் நாக்ஸ் பக்கத்துல காட்மேன்னு ஒரு ராணுவ விமானத்தளம். அங்க கன்ட்ரோல் டவர்ல இருந்தவங்க வானத்துல வெள்ளையா, ரவுண்டா ஏதோ ஒன்னு ரொம்ப உயரத்துல நிக்கறதை பாத்தாங்க, பைனாகுலர் வச்சு பாத்தும் என்னன்னு புரியல. அதே நேரம் அந்தப் பக்கமா நாலு எஃப்-51 மஸ்டாங் விமானம் போயிட்டு இருந்துச்சு, அதுக்கு தலைவரா போனவர் கேப்டன் தாமஸ் மாண்டெல். வயசு 25 தான், ஆனா இரண்டாம் உலகப்போர்ல நார்மண்டில பறந்த ஆளு. "கொஞ்சம் போய் பாத்துட்டு வாங்க"ன்னு டவர்ல கேட்டாங்க. ஒரு விமானம் தன் வழியில போயிடுச்சு, மத்த ரெண்டு பேரு சுமார் 22,000 அடியில போதும்னு திரும்பிட்டாங்க, ஏன்னா அந்த உயரத்துக்கு தேவையான ஆக்சிஜன் இல்ல. மாண்டெல் மட்டும் மேல ஏறிட்டே இருந்தார், அவர்கிட்டயும் ஆக்சிஜன் இல்ல. மயங்கியிருக்கணும். விமானம் சுத்திக்கிட்டே கீழ வந்து ஃபிராங்க்ளின்ங்கிற ஊர் பக்கத்துல விழுந்துடுச்சு.

விமானப்படை முதல்ல சொன்ன விளக்கம், அவர் துரத்தினது வெள்ளி கிரகம்னு. அன்னைக்கு அந்த நேரத்துல வெள்ளி கிட்டத்தட்ட அதே திசையில இருந்தது உண்மைதான், ஆனா பட்டப்பகல்ல அது ஊசிமுனை அளவு புள்ளியா தெரிஞ்சாலே பெரிசு, அத்தனை பேரு பெரிய உருவமா பாத்ததுக்கு அது பதிலாகாது. சில வருஷம் கழிச்சுதான் இன்னொரு விளக்கம் வந்துச்சு, இன்னைக்கு பெரும்பாலானவங்க ஏத்துக்கறதும் அதுதான்: ஸ்கைஹூக் பலூன். சுமார் 100 அடி அகலத்துக்கு விரியற பிளாஸ்டிக் பலூன், அமெரிக்க கடற்படை ரொம்ப உயரத்துக்கு அனுப்பிட்டு இருந்தது, அப்போ அது ரகசியம். மாண்டெலுக்கு தெரியாது, டவர்ல இருந்தவங்களுக்கும் தெரியாது, அந்த சாவை விசாரிச்ச அதிகாரிகளுக்கும் தெரியாது.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, யூஎஃப்ஓன்னு சொன்ன உடனே நம்ம பேச்சு நேரா ஏலியன் இருக்கா இல்லையான்னு போயிடுது. ஆனா ராணுவத்தோட கேள்வி எப்பவுமே வேற. அவங்களுக்கு தெரிய வேண்டியது "இது எதிரியோடதா?" அது ஒன்னுதான். நான் படிச்ச வரைக்கும் எனக்கு புரிஞ்சது என்னன்னா, பல நேரம் அந்த கேள்விக்கான பதில் எதிரிகிட்டயும் இல்ல, வேற கிரகத்துலயும் இல்ல, பக்கத்து ஆபீஸ்ல பூட்டி வச்ச அவங்க சொந்த ஃபைல்ல இருந்துச்சு, அதை தேடப்போனவங்களுக்கு காட்டத்தான் ஆளில்ல.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1947 ஜூன் 24, வாஷிங்டன் மாநிலத்துல மவுன்ட் ரெய்னியர் மலைப்பக்கம் கென்னத் ஆர்னால்டுன்னு ஒரு தனியார் பைலட் ஒன்பது பொருள் வரிசையா வேகமா போறதை பாத்தேன்னு சொன்னார். அது எப்படி அசைஞ்சதுன்னு கேட்டப்போ சாசரை தண்ணி மேல வீசினா தவ்வித் தவ்வி போகுமே அந்த மாதிரின்னு சொன்னார், நம்ம ஊர்ல குளத்துல ஓட்டாஞ்சில்லு விடுவோமே அதேதான். அவர் சொன்னது அசைவை. பத்திரிகைகள் அதை வடிவமா மாத்தி "பறக்கும் தட்டு"ன்னு போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் நாடு முழுக்க ஜனங்க தட்டு தட்டா பாக்க ஆரம்பிச்சாங்க. இது எனக்கு ரொம்ப முக்கியமா படுது, சாட்சி சொன்ன வார்த்தை ஒரே நாள்ல திரிஞ்சு போச்சுன்னா அதுக்கப்புறம் வர்ற சாட்சியெல்லாம் அந்த திரிஞ்ச வார்த்தையிலதான் பேசுது.

நியூ மெக்சிகோ மாநிலத்துல ராஸ்வெல்ங்கிற ஊர் பக்கம் பறக்கும் தட்டு விழுந்துச்சுன்னு சொல்ற கதையும் அதே 1947 ஜூலைதான். அங்க விழுந்தது மொகல்ங்கிற ரகசிய திட்டத்தோட பலூன்னு 1994ல விமானப்படை அறிக்கை சொல்லுச்சு, சோவியத் அணுகுண்டு சோதனை பண்ணா அந்த சத்தத்தை வானத்துல இருந்தே கேக்கறதுக்காக விட்ட பலூன் கொத்து அது. அங்கயும் பாருங்க, சொந்த ரகசியம்தான்.

1947 செப்டம்பர்ல ஜெனரல் நேதன் ட்வைனிங் ஒரு கடிதம் எழுதினார், விமானப்படைக்கு தளவாடம் செய்யற பிரிவோட தலைவர் அவர். இது கற்பனை இல்ல, நிஜமாவே ஏதோ பறக்குதுன்னு அதுல சொல்றார், உடனே விசாரணை வேணும்னு கேக்கறார். அந்த கடிதத்தை ஏலியன் நம்பறவங்க அடிக்கடி மேற்கோள் காட்டுவாங்க, ஆனா அதுலயே அவர் எழுதின இன்னொரு வரியை விட்டுடுவாங்க: இது நம்ம நாட்டோட, எங்களுக்கே தெரியாத உயர் ரகசிய திட்டமா இருக்கலாம்ங்கிற சாத்தியத்தையும் பாக்கணும்னு. அவ்ளோ பெரிய பதவியில இருந்த ஒரு ஜெனரலுக்கே தன் நாட்டு வானத்துல என்னென்ன பறக்குதுன்னு முழுசா தெரியாது, அதை அவரே எழுத்துல ஒத்துக்கறார்.

அந்த கடிதத்துக்கு அப்புறம் 1948ல இதை விசாரிக்க ப்ராஜெக்ட் சைன்னு ஒரு விமானப்படை திட்டம் ஆரம்பிச்சாங்க, 1949ல அது க்ரட்ஜ்னு பேர் மாறுச்சு, மனநிலையும் மாறுச்சு, என்னவோ வந்ததை எல்லாம் ஒதுக்கித் தள்ளறதே வேலைன்னு ஆயிடுச்சு. 1951ல எட்வர்ட் ரப்பெல்ட்னு ஒரு கேப்டன் பொறுப்பேத்துக்கிட்டப்போதான் கொஞ்சம் ஒழுங்கா வேலை நடந்துச்சு. 1952 மார்ச்ல அதுக்கு ப்ளூ புக்னு பேர் வந்துச்சு, ஓஹையோ மாநிலத்துல ரைட்-பேட்டர்சன் தளத்துல ஆபீஸ். பறக்கும் தட்டுன்னு சொன்னா முன்முடிவு வந்துடுதுன்னு "அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்", அதாவது யூஎஃப்ஓன்னு பேர் வச்சது ரப்பெல்ட்தான். சாட்சிகளுக்குன்னு ஒரே மாதிரி கேள்வித்தாள் வந்துச்சு. வானியல் சம்பந்தமா ஆலோசனை சொல்ல ஜே. ஆலன் ஹைனெக்னு ஒரு பேராசிரியர் ஏற்கனவே சைன் காலத்துல இருந்தே கூட இருந்தார்.

1952 கோடையில ஒரு வெள்ளமே வந்துச்சு. அந்த ஒரு வருஷத்துல மட்டும் 1,501 ரிப்போர்ட். அதுல ரொம்ப பேசப்பட்டது தலைநகர் வாஷிங்டன் மேல நடந்தது, ஜூலை 19 ராத்திரி நேஷனல் ஏர்போர்ட் ராடார்ல திடீர்னு ஏழு புள்ளி, எந்த விமானமும் இருக்க வேண்டாத இடத்துல, அது பக்கத்துல இருந்த ஆண்ட்ரூஸ் தளத்து ராடார்லயும் தெரிஞ்சுது, சில பைலட்டுகளும் வெளிச்சம் பாத்தோம்னாங்க, ஜெட் அனுப்பினா ஜெட் வர்றப்போ காணோம், போனதும் மறுபடி வருது. அடுத்த சனிக்கிழமை ராத்திரி திரும்பவும் அதே கதை. ஜூலை 29ஆம் தேதி மேஜர் ஜெனரல் ஜான் சாம்ஃபோர்ட் பிரஸ் மீட் வச்சார், இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் பென்டகன்ல நடந்த பெரிய பிரஸ் மீட் அதுதான்னு சொல்லுவாங்க.

அவர் சொன்ன விளக்கம் வெப்பநிலை தலைகீழாகறது. சாதாரணமா தரையில சூடு, மேல போகப்போக குளிர்ச்சி. சில கோடை ராத்திரியில கீழ குளிர்ந்த காத்தும் அதுக்கு மேல சூடான காத்தும் ஒரு மூடி மாதிரி உக்காந்துக்கும். அப்போ ராடார் அலை நேரா போகாம வளைஞ்சு கீழ வந்து தரையில இருக்கற கட்டடம், வண்டின்னு எதையாவது தொட்டு திரும்பி வரும், ராடார் அதை வானத்துல இருக்கறதா காட்டும். தார் ரோட்டுல வெயில் நேரத்துல கானல் நீர் பாக்கறோமே, ஏறக்குறைய அதே தத்துவம்தான், ஆனா தலைகீழா. அன்னைக்கு ராடார் முன்னாடி உக்காந்திருந்த அனுபவசாலிகள் பல பேரு இதை ஏத்துக்கல, எங்களுக்கு நிஜ விமானத்துக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியாதான்னு கேட்டாங்க. ஆனா அடுத்த வருஷம் சிவில் விமான நிர்வாகம் செஞ்ச ஆய்வு ஏறக்குறைய சாம்ஃபோர்ட் பக்கம்தான் நின்னுது. எனக்கும் ராடார் புள்ளிகளுக்கு அந்த விளக்கம் பொருந்துதுன்னுதான் தோணுது, கண்ணால பாத்தவங்க சொன்னது எல்லாத்துக்கும் பொருந்துதுன்னு சொல்ல மாட்டேன்.

இதை பாத்து உண்மையில பயந்தது சிஐஏ. பயம் தட்டை பத்தி இல்ல. ஜனங்க ஆயிரக்கணக்குல போன் பண்ணி லைனை நிரப்பிட்டா, அந்த நேரம் நிஜமாவே சோவியத் குண்டுவீச்சு விமானம் வந்தா எப்படி கண்டுபிடிக்கறதுங்கிறதுதான். 1953 ஜனவரியில ஹெச். பி. ராபர்ட்சன்னு ஒரு இயற்பியலாளர் தலைமையில ஒரு குழு கூடுச்சு, பின்னாடி நோபல் வாங்கின லூயிஸ் ஆல்வரெஸ் எல்லாம் அதுல இருந்தாங்க. சில நாள் உக்காந்து தேர்ந்தெடுத்த கேஸ்களை பாத்தாங்க. யூட்டா மாநிலத்துல எடுத்த ஒரு ஃபிலிமை கடற்படை ஆளுங்க சுமார் ஆயிரம் மணி நேரம் செலவழிச்சு ஃப்ரேம் ஃப்ரேமா ஆராய்ஞ்சு, பறவையும் இல்ல விமானமும் இல்லன்னு எழுதிட்டு வந்திருந்தாங்க, குழு அதை பாத்துட்டு கடல்புறான்னு சொல்லிடுச்சு. ஆபத்து எதுவும் இல்ல, ஆனா ஜனங்களோட ஆர்வத்தை தணிக்கணும், டிவி, சினிமா மூலமா இதுல ஒன்னும் இல்லன்னு பாடம் நடத்தணும்னு சிபாரிசு. கடல்புறா முடிவு சரியாவே இருக்கலாம், ஆனா விசாரணையோட நோக்கமே அங்க மாறிடுச்சு, என்னன்னு கண்டுபிடிக்கறதுக்கு பதிலா பேச்சை அடக்கறது. அதே வருஷம் வந்த விமானப்படை விதிமுறைப்படி விளக்கம் கிடைச்ச கேஸை மட்டும்தான் ஜனங்ககிட்ட சொல்லலாம், கிடைக்காததை ஆராய்ஞ்சுட்டு இருக்கோம்னு சொன்னா போதும்.

இப்போ இந்த கதையில எனக்கு ரொம்ப உறுத்தற இடம். 1955 ஆகஸ்ட்ல யூ-2 உளவு விமானம் நெவாடால க்ரூம் லேக் தளத்துல சோதனையா பறக்க ஆரம்பிச்சது, இன்னைக்கு ஏரியா 51ன்னு சொல்றோமே அங்கதான். அப்போ பயணிகள் விமானம் பறந்தது 10,000ல இருந்து 20,000 அடிக்குள்ள. யூ-2 பறந்தது 60,000 அடிக்கு மேல. அந்த உயரத்துல மனுஷன் பறக்க முடியும்னே ஜனங்க நினைக்கல. சாயங்காலம் மேற்கு பாத்து போற ஒரு பைலட்டுக்கு சூரியன் மறைஞ்சு கீழ இருட்டிடுச்சு, ஆனா அவருக்கு 40,000 அடி மேல இருக்கற யூ-2க்கு இன்னும் வெயில் இருக்கு, அதோட வெள்ளி நிற இறக்கையில பட்டு நெருப்பு மாதிரி மின்னும். அவர் இறங்கினதும் ரிப்போர்ட் எழுதுவார், அது ப்ளூ புக்குக்கு வரும். ப்ளூ புக் ஆளுங்க சிஐஏகிட்ட கேட்டு, யூ-2 அன்னைக்கு எங்க பறந்துச்சுன்னு ஒப்பிட்டு பாப்பாங்க. விடை கிடைச்சுடும். ஆனா ரிப்போர்ட் எழுதினவர்கிட்ட அதை சொல்ல முடியாது, அதனால பனித்துகள், வெப்பநிலை தலைகீழ்னு ஏதாவது ஒரு காரணம் சொல்லி அனுப்புவாங்க. 1950கள் கடைசியிலயும் 60கள்லயும் வந்த ரிப்போர்ட்ல பாதிக்கு மேல இந்த உளவு விமானங்களாலன்னு சிஐஏவே தன் வரலாற்றுல எழுதியிருக்கு. பாதிங்கிறது மிகைன்னு எனக்கு தோணுது, யூ-2 பறக்காத ஊர்ல இருந்தெல்லாம் ரிப்போர்ட் வந்திருக்கு. ஆனா பத்துல ஒன்னுன்னாலும் யோசிச்சு பாருங்க, ஒழுங்கா பாத்து ஒழுங்கா எழுதின ஒரு பைலட், அவர் பாத்தது நிஜம், அவர்கிட்ட உங்க கண்ணுதான் கோளாறுன்னு அரசாங்கமே தெரிஞ்சே சொல்லுது. அதுக்கப்புறம் அந்த ஆளு அரசாங்கம் சொல்ற உண்மையான விளக்கத்தை மட்டும் எப்படி நம்புவார்?

அந்த அவநம்பிக்கை 1966ல வெடிச்சுது. மார்ச் மாசம் மிச்சிகன்ல டெக்ஸ்டர், ஹில்ஸ்டேல் பக்கம் ராத்திரியில வெளிச்சம் பாத்தோம்னு நிறைய பேரு, போலீஸ்காரங்க, காலேஜ் பொண்ணுங்க எல்லாம் சொன்னாங்க. ஹைனெக்கை அனுப்பினாங்க. அவர் டெட்ராய்ட்ல பிரஸ் மீட்ல சில காட்சிகளுக்கு காரணம் சதுப்பு நில வாயுவா இருக்கலாம்னார். மக்கின செடிகொடில இருந்து வர்ற வாயு எரியறது, நம்ம ஊர்ல கொள்ளிவாய்ப் பிசாசுன்னு சொல்லுவாங்களே அதுக்கும் இதேதான் விளக்கம். இருக்கலாம்னு அவர் சொன்னதை பத்திரிகைகள் இருக்குன்னு போட்டு நாடே கேலி பண்ணுச்சு. மிச்சிகன்காரரான ஜெரால்ட் ஃபோர்டு, பின்னாடி ஜனாதிபதி ஆனவர், அப்போ அமெரிக்க பிரதிநிதிகள் சபையில எதிர்க்கட்சி தலைவர், எங்க மக்களுக்கு இதை விட நல்ல பதில் வேணும்னு விசாரணை கேட்டார். ஹைனெக்கும் அதுக்கப்புறம் மெல்ல மாறினார், எல்லாத்தையும் ஒதுக்கித் தள்ளின மனுஷன் பிற்காலத்துல 1973ல தானே ஒரு யூஎஃப்ஓ ஆய்வு மையம் தொடங்கினார்.

அந்த சத்தத்தோட விளைவா கொலராடோ பல்கலைக்கழகத்துல எட்வர்ட் காண்டன் தலைமையில ஒரு ஆய்வு நடந்து, 1969 தொடக்கத்துல அறிக்கை வந்துச்சு, இதை இன்னும் ஆராய்ஞ்சா அறிவியலுக்கு பெருசா ஒன்னும் கிடைக்காதுன்னு. அறிக்கைக்குள்ளயே விளக்கம் கிடைக்காத கேஸ்கள் இருந்துச்சு. 1969 டிசம்பர் 17 ப்ளூ புக்கை மூடிட்டாங்க. மொத்த கணக்கு: 12,618 கேஸ், அதுல 701 அடையாளம் தெரியாதது.

இந்த 701தான் இன்னைக்கும் சண்டைக்கு காரணம். ஒரு பக்கம் பாத்தீங்களா 701 ஏலியன்னு சொல்றாங்க, இன்னொரு பக்கம் அது வெறும் குப்பைன்னு சொல்றாங்க. ரெண்டுமே தப்பு. அடையாளம் தெரியலன்னா தெரியலன்னுதான் அர்த்தம். எவ்ளோ தூரத்துல இருந்துச்சுன்னு தெரியாம எவ்ளோ பெரிசுன்னு சொல்ல முடியாது, எவ்ளோ வேகம்னும் சொல்ல முடியாது. இருட்டுல ஒரு வெளிச்சம், பக்கத்துல இருக்கற மின்மினியா, தூரத்துல இருக்கற விமானமான்னு ஒரு கண்ணு மட்டும் வச்சு பிரிக்கவே முடியாது.

இதுக்கு நல்ல உதாரணம் 2015ல அமெரிக்க கடற்படை விமானத்துல எடுத்த "கோஃபாஸ்ட்" வீடியோ. கடல் மேல ஒரு சின்ன புள்ளி பறந்துகிட்டு ஓடுது, பைலட்டுங்க கத்தறாங்க, பாக்கறவங்களுக்கும் மெய் சிலிர்க்கும். ஆனா அந்த ஸ்க்ரீன்லயே நம்பர் இருக்கு. விமானம் 25,000 அடியில, கேமரா சுமார் 35 டிகிரி கீழ பாக்குது, பொருள் சுமார் 3.4 கடல் மைல் தூரத்துல. பத்தாவது கணக்குல படிச்ச முக்கோணவியல் போதும், பொருள் கடல் மட்டத்துல இல்ல, சுமார் 13,000 அடியில இருக்கு, அதாவது விமானத்துக்கும் கடலுக்கும் நடுவுல. ரயில்ல போறப்போ பக்கத்துல இருக்கற பனைமரம் தூரத்து மலையை தாண்டி ஓடற மாதிரி தெரியுமே, ஓடறது மரமா? நாசா குழு 2023ல கணக்கு போட்டு மணிக்கு சுமார் 40 மைல்னு சொல்லுச்சு, அந்த உயரத்துல காத்துல மிதக்கற ஒன்னுக்கு அது சாதாரண வேகம். பென்டகனோட ஆய்வு அலுவலகம் ஆரோவும் 2024 நவம்பர்ல இதே முடிவுக்கு வந்துச்சு.

நான் முக்கியமா பாக்கறது இன்னொன்னு. 2021 ஜூன்ல வந்த அமெரிக்க உளவுத்துறை அறிக்கையில 2004ல இருந்து 17 வருஷத்துக்கு 144 ரிப்போர்ட் தான், அதுல ஒரே ஒன்னுக்குத்தான் உறுதியா விளக்கம், காத்து இறங்கிட்டு இருந்த ஒரு பெரிய பலூன். மேலதிகாரி என்ன நினைப்பாரோ, கிறுக்கன்னு சொல்லிடுவாங்களோன்னு பைலட்டுங்க வாய் திறக்கறதில்லன்னு அதே அறிக்கை சொல்லுது. கடற்படை 2019ல ரிப்போர்ட் பண்ற முறையை மாத்துச்சு, 2022ல ஆரோ வந்துச்சு, அதுக்கப்புறம் 2023 மே மாசத்துல இருந்து 2024 ஜூன் வரைக்குமான கணக்குல மட்டும் 757 ரிப்போர்ட் வந்து சேந்துச்சு. வானம் மாறல, பேசற பயம் குறைஞ்சிருக்கு. தீர்ந்ததெல்லாம் பலூன், ட்ரோன், பறவை, ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் மாதிரிதான். 444 கேஸ் போதுமான தகவல் இல்லன்னு ஓரமா போச்சு, 21 மட்டும் இன்னும் நல்லா ஆராயணும்னு எடுத்து வச்சாங்க.

2023 பிப்ரவரியில சீன பலூன் தெற்கு கரோலினா கடல் மேல சுட்டு வீழ்த்தினது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் ராடார்ல மெதுவா போற சின்ன பொருளையும் காட்டற மாதிரி ஃபில்டரை மாத்தினாங்க, மூணே நாள்ல இன்னும் மூணு பொருளை சுட்டாங்க, அலாஸ்கா, யூகான், ஹியூரான் ஏரி மேல. அது மூணும் தனியார் கம்பெனியோட, இல்ல ஆராய்ச்சியோட, இல்ல பொழுதுபோக்குக்கு விட்ட பலூனா இருக்கும்னு ஜனாதிபதியே அப்புறம் சொன்னார்.

நம்ம நாட்டுலயும் இப்படி ஒரு விசாரணை நடந்திருக்கு, அது அவ்ளோவா பேசப்படலங்கிறது எனக்கு வருத்தம். 2012 ஆகஸ்ட்ல இருந்து 2013 பிப்ரவரி வரைக்கும் லடாக்ல பாங்காங் ஏரி பக்கம், 14,000 அடி உயரத்துல, எல்லையில நின்ன நம்ம ராணுவத்துக்காரங்க ராத்திரி வானத்துல வெளிச்சம் வர்றதை 329 தடவை குறிச்சு வச்சாங்க. அதுல 155 தடவை அது எல்லைக்கோட்டை தாண்டி நம்ம பக்கம் வந்ததா பதிவு. சீனாவோட உளவு ட்ரோன்னு சந்தேகம். அந்த குளிர்ல, அந்த பதட்டத்துல, ஒவ்வொரு தடவையும் குறிச்சு வச்ச அந்த ஜவான்கள் மேல எனக்கு பெரிய மரியாதை. ராணுவம் கடைசியில போய் கேட்டது பெங்களூர்ல இருக்கற இந்திய வானியற்பியல் நிறுவனத்தை, நம்ம கொடைக்கானல், காவலூர் வானாய்வகங்களை நடத்தறவங்க அவங்கதான், லடாக்லயே ஹான்லேல தொலைநோக்கி வச்சிருக்கறவங்களும் அவங்கதான்.

அவங்க கேட்டது ரொம்ப எளிமையான விஷயம்: அந்த வெளிச்சம் எந்த திசையில, எவ்ளோ உயரத்துல, எத்தனை மணிக்குன்னு நட்சத்திரங்களோட ஒப்பிட்டு பாக்கணும், வானத்தோட சேந்து நகருதா, இல்ல தனியா நகருதான்னு. சேந்தே நகர்ந்துச்சு. ஒன்னு வெள்ளி, இன்னொன்னு வியாழன். அந்த மாசங்கள்ல வெள்ளி விடிவெள்ளியா கிழக்குல இருந்துச்சு, வியாழன் டிசம்பர் தொடக்கத்துல சூரியனுக்கு நேர் எதிர்ல வந்து ராத்திரி முழுக்க ஜொலிச்சிட்டு இருந்துச்சு, அந்த உயரத்துல காத்து மெலிசு, தூசி குறைவு, கிரகம் சமவெளியில தெரியறதை விட பளிச்சுன்னு தெரியும்.

1948ல மாண்டெலோட சாவுக்கும் வெள்ளின்னுதான் சொன்னாங்க, அங்க அது அவசரத்துல எடுத்து ஒட்டின பதில். லடாக்ல அதே வெள்ளி திசையையும் நேரத்தையும் வச்சு கணக்கு போட்டு வந்த பதில். 2013 ஜூலைல இந்த செய்தி வெளிய வந்தப்போ, லடாக்லயே டெப்சாங்ங்கிற இடத்துல இந்திய, சீன படைகள் கூடாரம் போட்டு நேருக்கு நேர் நின்னு கலைஞ்சு மூணு மாசம் கூட ஆகல.